ஜடையப்பன் ஜீப்புக்கு ஒரு மூச்சுக்குழாய்

கோகிலா ஃபைபர் ஒர்க்ஸா? அது இது இல்லீங்க தம்பி. இது நாச்சிமுத்து ஃபைபர். இருபத்தாறு வருசமா இதே எடத்துல இருக்குது. கோகிலாது ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீலத் தகரம் போட்டிருக்குதே, அந்த ஷெட்டு. பூட்டியிருக்குது பாருங்க. சிறுமுகை வரைக்கும் போயிருக்கறா, வந்துருவா. வெயில்ல நிக்காதீங்க, இப்படி உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், ரெசின் ஒட்டியிருக்குது. பேன்ட்டுல புடிச்சா போகாது.

என்ன வேலையா வந்தீங்க? ஜீப்புக்கு மூச்சுக்குழாயா? அதானே. மலையேத்தற வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் இப்ப அவளைத்தான் தேடறாங்க. கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க, ஈரோட்டுல இருந்து வர்றாங்க. வந்து எங்கிட்டத்தான் வழி கேக்கறாங்க. நானும் கையைக் காட்டி விடறேன்.

அவ என்ற மகதானுங்க. ஒரே புள்ள.

ஆமாங்க, எதிரெதிர் ஷெட்டுதான். என்ற சம்சாரம் மத்தியானம் ரெண்டு தூக்குப்போசியில சோறு கொண்டாந்து, ஒண்ணை இங்க வெச்சுட்டு ஒண்ணை அங்க கொண்டுபோறா. ஒரு வருசமா இப்படித்தான் நடக்குது. சண்டையான்னு எல்லாரும் கேக்கறாங்க. சண்டையே இல்லீங்க. சண்டை போட்டிருந்தாத் தேவலை. பொழுதோட வீட்டுல ஒண்ணாத்தான் உக்காந்து சாப்பிடறோம், "ரசம் போடட்டுமாப்பா"ன்னு கேப்பா. அதைக்கூடக் கேக்கலீன்னா எனக்கும் ஒரு நாயம் இருந்திருக்கும்.

நீங்க வெளியாளு, நீங்களே சொல்லுங்க. தொழில் சொல்லிக்குடுத்த அப்பனை, பத்துப் பேரு நிக்கற எடத்துல நிறுத்திவெச்சு ஒரு புள்ள கேள்வி கேக்கலாமா? முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க.

மாயாத்துக்கு அந்தப் பக்கம் கல்லுக்கோம்பைன்னு ஒரு ஊரு. முன்னூறு சனம் இருக்கும். பஸ்ஸு இந்தக் கரையோட நின்னுரும், அதுக்குமேல ஆறுதான். தண்ணி கம்மியா இருந்தா நடந்தே போயிருவாங்க, கொஞ்சம் ஏறினாப் பரிசல். இன்னும் ஏறினாப் பரிசலும் நின்னுரும். அப்ப ஜடையப்பனோட ஜீப்பு மட்டும்தான். பழைய டீசல் ஜீப்பு, ஏலத்துல எடுத்துட்டு வந்து அவனே பாகம் பாகமாச் சேத்துப் பூட்டினது. ரேசன் அரிசி, பாலு, நோயாளி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாம் அதுலதான். ஆத்து நடுவுல ஒரு பாறை இருக்குது, சாயக்கல்லும்பாங்க. அது தண்ணிக்கு வெளிய தெரியற வரைக்கும்தான் அவன் எறங்குவான். தெரியலீன்னா கரையிலயே வண்டியை நிறுத்திப்போட்டு பீடி பத்த வெச்சுருவான்.

முந்தின வருசம் சாயக்கல்லு தெரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு, எறங்கிட்டான். பாதியில போகையில மேல மலையில பேஞ்ச மழை வந்து சேந்துருச்சு. இன்ஜின் காத்துக்குப் பதிலாத் தண்ணியை உறிஞ்சி அப்படியே நின்னுருச்சு. உள்ள பதினோரு பேரு. ரெண்டு கரையிலயும் கவுறு கட்டி இழுத்து, எல்லாரையும் காப்பாத்திட்டாங்க. இன்ஜினுக்குள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு. மூணு மாசம் ஊருக்கு வண்டியில்ல. அந்த மூணு மாசத்துல ரெண்டு பேரைத் தொட்டில் கட்டித்தான் தூக்கிட்டு வந்தாங்களாம். ஒருத்தரு வர்ற வழியிலேயே போயிட்டாரு.

மெக்கானிக்கு சொல்லியிருக்கறாரு, காத்தை மேல இருந்து எடுக்கற மாதிரி குழாய் வெச்சுக்கன்னு. கடையில விக்கறது புது வண்டிகளுக்குத்தான் பொருந்துது. இவன் வண்டி மூணு வண்டியைச் சேத்துப் பூட்டின வண்டி, அதுக்கு எவன் குழாய் செய்வான்? கடைசியா எங்கிட்ட வந்தான். "அண்ணா, நீங்க லாரிக்கு வெயில் மறைக்கற விசர் செய்யறீங்க, பஸ்ஸுக்கு பம்பர் செய்யறீங்க. எனக்கு இந்தக் கூரை உசரத்துக்கு ஒரு மூச்சுக்குழாய் செஞ்சு குடுங்க"ன்னான். மூச்சுக்குழாய்ங்கற பேரே அவன் வெச்சதுதான்.

செஞ்சேன். சும்மா சொல்லக்கூடாது, பாக்க அவ்வளவு அம்சமா வந்துச்சு. அட்டையை வண்டியில வெச்சு அளவு எடுத்து, தெர்மாகோலைச் செதுக்கி, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சு, அதுல ரெண்டு பாதியா அச்சு எடுத்தேன். அச்சுக்குள்ள மெழுகு தடவி, கண்ணாடி நார்ப் பாயை விரிச்சு, ரெசின் ஊத்தி, உருளையில உருட்டி, காத்துக் குமிழி இல்லாம எடுத்தேன். கோகிலாவும் கூடத்தான் இருந்தா. அவ பாலிடெக்னிக் முடிச்சவ. வெளிய வேலைக்குப் போறேன்னவளை, நம்ம பட்டறையே இருக்கையில எதுக்கு சாமி இன்னொருத்தன்கிட்டக் கைகட்டறேன்னு நாந்தான் நிறுத்திக்கிட்டேன்.

ரெண்டு பாதியையும் சேக்கறதுலதான் வேலையே இருக்குது. நேரா மேல போற பாகம் பிரச்சனையில்ல. கீழ, மட்கார்டைத் தொளைச்சு உள்ள போற எடத்துல முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்குது. ஆத்துல எறங்கினா மொதல்ல முங்கறது அந்த வளைவுதான். அதுல ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுக்கு வெளியவும் நார்ப் பட்டை ஒட்டணும், உள்ளயும் ஒட்டணும். உள்ள கை போகாது. குச்சியில துணி சுத்தி, அதுல பட்டையை வெச்சு, தடவித் தடவித்தான் ஒட்டணும். முறைன்னா அதுதான் முறை. நானும் முறையாத்தான் செஞ்சேன்.

அப்ப ஐப்பசி. ஓயாத மழை. ஈரத்துல ரெசின் இறுகவே மாட்டேங்குது. ஜடையப்பன் ரெண்டு நாளைக்கு ஒருக்காப் போன் போடறான், "அண்ணா ஆறு ஏறுதுங்ணா, ஆச்சுங்களாண்ணா"ன்னு. ரெசினை இறுக வெக்கற ஹார்டனரை நான் கொஞ்சம் சேத்து ஊத்தினேன். ஊத்தாம? ஆளு அவசரப்படறான்ல.

கோகிலா ஒரே புடி. "அப்பா, ஒரு முனையை அடைச்சு, டிரம்முல முக்கி, இன்னொரு முனையில ஊதிப் பாத்துறலாம். குமிழி வருதா இல்லையான்னு தெரிஞ்சுரும்."

"இதென்ன தண்ணித் தொட்டியா, ஓட்டை பாக்க? தொட்டின்னா நாமளே பாக்கறதுதானே. இது காத்துப் போற குழாய்."

"காத்து போற வழியில தண்ணி போகாதாப்பா?"

"ஏம்புள்ள, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நான் ஃபைபர் பண்றேன்."

அதுக்கு அவ குரலே ஒசத்தாமச் சொன்னா. "குழாய் இல்லீன்னா அந்தண்ணன் பயந்து கரையிலயே நின்னுருவாரு. குழாய் இருந்தா நம்பி எறங்குவாரு. சாயக்கல்லு முங்கினாலும் எறங்குவாரு. அதனாலதான் சொல்றேன்."

எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சுங்க. என்ற வேலையை நம்பி ஒருத்தன் எறங்கறதை, என்னமோ தப்பு மாதிரிச் சொல்றா பாருங்க. வியாழக்கிழமை பாத்துக்கலாம்னு பேச்சை முடிச்சுட்டேன்.

வியாழக்கிழமை அவ நார்ப் பாய் வாங்கக் கோயமுத்தூர் போயிட்டா. காலையில பத்து மணிக்கு ஜடையப்பன் வண்டியோட வந்து நிக்கறான். வண்டியில ஒரு பச்சை உடம்புக்காரி, கையில ஆறு நாள் குழந்தை, கூட அவளோட அம்மா. ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாங்க, கல்லுக்கோம்பை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். சாயக்கல்லு நேத்தே முங்கிருச்சு, பரிசலை நிறுத்திட்டாங்க. "குழாயை மாட்டிக் குடுத்துருங்ணா, இன்னைக்குப் போயிறலாம்"னான். அந்தக் குழந்தைக்காரி என்னையே பாத்துட்டு இருக்கறா. எப்படி இல்லைன்னு சொல்றது? நீங்களா இருந்தாச் சொல்லியிருப்பீங்களா?

மாட்டினேன். கிளாம்ப் போட்டு, ரப்பர் வெச்சு, கறுப்புப் பெயின்ட்டு காஞ்ச அழகுல வண்டி ராணுவ வண்டி கணக்கா நின்னுச்சு. ஜடையப்பன் என்ற கையைப் புடிச்சுட்டான். "மொத மொதல்ல ஆத்தைத் தாண்டறப்ப நீங்க முன் சீட்டுல இருக்கணும்ணா"ன்னான். எனக்கும் ஆசைதான். பட்டறையைச் சாத்திப்போட்டு ஏறிட்டேன்.

ஆத்தங்கரைக்குப் போய்ச் சேரையில மூணு மணி. பஸ்ஸுல வந்து காத்திருந்தவங்க ஏழெட்டுப் பேரு இருந்தாங்க, அவங்களும் ஏறிட்டாங்க. பின்னாடி கால் வெக்க எடமில்ல. நான் ஆத்தைப் பாத்தேன். செம்மண் தண்ணி, சுழிச்சுட்டு ஓடுது. சாயக்கல்லு எங்க இருக்குதுன்னே தெரியல, அந்த எடத்துல தண்ணி மட்டும் கொஞ்சம் முதுகைத் தூக்கிட்டுப் போகுது. நான் கதவுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன்.

ஜடையப்பன் கியரைப் போட்டான். அப்பத்தான் பின்னாடி ஸ்கூட்டர் ஆரன். விடாம அடிச்சுட்டே வர்றா. காட்டு ரோட்டுல, அந்த மழையில, அவ்வளவு தூரம் ஒத்தையில வந்திருக்கறா. யானை நடமாடற ரோடுங்க அது. வண்டியைச் சாச்சுப்போட்டு நேரா ஜீப்புக்கு முன்னால வந்து நின்னுட்டா. தலையில இருந்து தண்ணி ஒழுகுது.

"எறங்காதீங்கண்ணா"ன்னா, ஜடையப்பனைப் பாத்து.

அப்பறம் என் பக்கம் வந்தா. ஜன்னலோரம் நின்னு, மெதுவாத்தான் கேட்டா. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. "அப்பா, வளைவுக்கு உள்பக்கம் பட்டை ஒட்டினீங்களா?"

ஜடையப்பன் என்னைப் பாக்கறான். அந்தக் குழந்தைக்காரி என்ற பொடனியைப் பாக்கறது எனக்குத் தெரியுது. பத்துப் பேரு முன்னால ஒரு ஆம்பளை என்ன சொல்லுவான்?

"ஒட்டினேன்"னேன்.

ஒட்டலீங்க.

உங்ககிட்டக்கூட முறையாச் செஞ்சேன்னுதான் இப்பச் சொன்னேன், இல்லையா. ஒட்டல. குச்சியை உட்டுப் பாத்தேன், பட்டை பாதியில சுருண்டுக்கிச்சு, வெளிய இழுத்துட்டேன். ஈரம், ரெசின் இறுகற நேரம், அவசரம். வெளிய ரெண்டு சுத்துப் பட்டை போட்டு, பட்டியால மூடி, பெயின்ட்டு அடிச்சுட்டேன். எல்லாப் பட்டறையிலயும் நடக்கறதுதான். வளைவுக்குள்ள எவன் கண்ணை உட்டுப் பாக்கப்போறான்னு நெனச்சேன்.

அவ என்னையே ஒரு நிமிசம் பாத்தா. அப்படியான்னு கேக்கல. இல்லைன்னு சொல்லல. "சரிப்பா"ன்னா. பின்னாடி போய், "எல்லாரும் கொஞ்சம் எறங்கிக்கங்க. மொதல்ல காலி வண்டி போய்ட்டு வரட்டும். அப்பாவும் நானும் மட்டும் போறோம்"னா. குழந்தையைத் தானே வாங்கி, அந்தம்மா எறங்கினதும் கையில குடுத்தா. அப்பறம் ஏறி, எனக்கு நேர் பின்னால உக்காந்துட்டா. அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது.

"போலாமாண்ணா?"ன்னு ஜடையப்பன் கேட்டான். என்னைக் கேக்கறானா, அவளைக் கேக்கறானான்னு தெரியல.

"போங்கண்ணா"ன்னா அவ.

எறங்கிருச்சு வண்டி. மொதல்ல டயரு முங்கற சத்தம். அப்பறம் சைலன்ஸர் தண்ணிக்குள்ள போய்க் குடுகுடுன்னு கொதிக்குது. தண்ணி கதவுச் சந்துல வந்து என்ற காலை நனைக்குது, ஐஸ் மாதிரி. வண்டியை ஓரமாத் தள்ளுது ஆறு, கல்லுல ஏறி எறங்கி வண்டி ஆடுது. ஜடையப்பன் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கவேயில்ல. நான் ஜன்னல் வழியா அந்த வளைவையே பாத்துட்டு இருக்கறேன். தண்ணிக்கும் அதுக்கும் ஒரு சாண் இருந்துச்சு. அப்பறம் நாலு வெரக்கடை. ஒரு அலை வந்து அதைத் தொட்டுட்டுப் போச்சு.

பின்னாடி அவ முன் சீட்டுக் கம்பியை ரெண்டு கையிலயும் புடிச்சிருக்கறா, என்ற தோளுக்குப் பக்கத்துல அவ வெரலு. வெளுத்துப்போயிருக்குது. சின்ன வயசுல காது குத்தறப்பப் புடிச்சா பாருங்க, அதே மாதிரி.

"நிறுத்து. ரிவர்ஸ் எடு"ன்னேன்.

"என்னங்ணா?"

"கிளட்ச் கருகற வாசம் அடிக்குது. எடுறா ரிவர்ஸு."

நான் சொன்னது அவ்வளவுதான். சொல்லிட்டு அவன் ஸ்டியரிங்கை என்ற கையே எட்டிப் புடிச்சிருக்குது, அது எனக்குத் தெரியவேயில்ல. அவன் என்ற மூஞ்சியைப் பாத்தான். ரிவர்ஸ் எடுத்தான். பின்னால வர்றதுதான் கஷ்டம். ரெண்டு தடவை டயரு சுத்திச்சு, ஏறல. கரையில இருந்தவங்க கவுத்தை வீசி, பின்னாடி கொக்கியில மாட்டி இழுத்தாங்க. மேல வந்து நின்னதும் நான் கதவைத் தொறந்து எறங்கிட்டேன்.

அப்பவாவது விட்டாளா? குழாயைக் கழட்டினா. ஸ்கூட்டர் பெட்டியில இருந்து சைக்கிள் டியூப் துண்டு எடுத்து ஒரு முனையை இறுக்கிக் கட்டினா. ஆத்தோரம் தேங்கின தண்ணியில முக்கி, அடுத்த முனையில வாயை வெச்சு ஊதினா. அந்த வளைவுல, சேர்ற கோடு நெடுக, பொரி பொரியாக் குமிழி. எல்லாரும் பாத்தாங்க. அந்தக் குழந்தைக்காரியோட அம்மா கிழவி, பேத்தியை முந்தானைக்குள்ள இழுத்து மூடிக்கிச்சு. என்னை நாலு வசவு வஞ்சிருந்தா நான் நிமிந்து நின்னிருப்பேன்.

கோகிலா எந்திரிச்சா. எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னா. "மழை ஈரத்துல ரெசின் சரியா இறுகல. நாலு நாள் குடுங்கண்ணா, புதுசா செஞ்சு தர்றோம்."

கேட்டீங்களா? அவளே சொன்னா, மழைன்னு. அத்தனை பேரும் சாட்சி. அப்பறம் நான் எதுக்குத் தலை குனியணும்? அப்படித்தான் வர்ற வழி முச்சூடும் நெனச்சுட்டு வந்தேன், அவ ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து.

ஆனா ஒண்ணுங்க. அந்தப் பெட்டியில இருந்து டியூப்பை எடுத்தப்ப, அடியில நான் இன்னொண்ணையும் பாத்தேன். நாலு வெரல் அகலம், மொழ நீளம். வளைவுக்கு உள்ள ஒட்டறதுக்குன்னு அவ அளந்து வெட்டிவெச்ச நார்ப் பட்டை. சுருண்டுபோய், பாதி ரெசின் காஞ்சு, நான் மேசையில போட்டுட்டு வந்தது. அதைப் பாத்துட்டுத்தான் அவ்வளவு தூரம் வண்டியை முறுக்கிட்டு வந்திருக்கறா. பெட்டியிலயே வெச்சுட்டுத்தான், ஒட்டினீங்களாப்பான்னு கேட்டிருக்கறா. எடுத்து ஒருத்தருக்கும் காட்டல. என்கிட்டயும் காட்டல. பெட்டியை மூடிட்டா.

அந்தப் புள்ளையும் குழந்தையும் நாலு நாளு இந்தக் கரையில ரேசன் கடை ரூம்புல இருந்தாங்க. இவ சோறு தண்ணி பாக்காம வேலை செஞ்சா. வளைவைத் தனியா அச்செடுத்து, உள்ள பட்டையை வெச்சு, சைக்கிள் டியூப்பை நொழச்சுக் காத்தடிச்சா. டியூப்பு ஊதி, பட்டையைச் செவுத்தோட அழுத்திப் புடிச்சுருச்சு. கை போகாத எடத்துக்குக் காத்தைக் கையா அனுப்பிட்டா. இருபத்தாறு வருசத்துல எனக்குத் தோணாத வேலை. நல்லாயிருக்குதுன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான்தான் சொல்லல.

அஞ்சாம் நாளு ஆறு இன்னும் ஏறியிருந்துச்சாம். நான் போகல. அவ போனா, முன் சீட்டுல. ஜடையப்பன் அப்பறம் வந்து சொன்னான்: பானட்டு மேல அலை அடிச்சுது, இன்ஜின் சத்தம் ஒரு நூல்கூட மாறலைன்னு. சொல்லிட்டுப் போறப்ப நின்னு, "அண்ணா, அன்னைக்குக் கிளட்ச் வாசம் எதுவும் வரலீங்ணா"ன்னான். "நீங்க ஸ்டியரிங்கைப் புடிச்சீங்க பாருங்க, எனக்கு அது போதுங்ணா"ன்னுட்டுப் போயிட்டான். பெரிய மனுசனாட்டப் பேசறான், முப்பது வயசு ஆகல.

அடுத்த மாசமே எதுத்தாப்புல ஷெட்டுப் போட்டுட்டா. ஏன் சாமின்னு கேட்டேன். "இந்த வேலைக்கு டிரம்மு, கம்ப்ரெசர் எல்லாம் வேணும்ப்பா, இங்க எடம் பத்தாது"ன்னா. இங்க எடமா இல்ல? நீங்களே பாருங்க, இந்த மூலை முச்சூடும் காலியாத்தான் கெடக்குது.

இதுல என்ற கோவம் என்னன்னு இப்பப் புரியுதுங்களா? அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கேக்கல. ஏன்ப்பா பொய் சொன்னீங்கன்னு ஒரே ஒரு தடவை. கேட்டிருந்தா நான் கத்தியிருப்பேன், அவளும் கத்தியிருப்பா, அத்தோட முடிஞ்சிருக்கும். ரசம் போடட்டுமான்னு கேக்கறா. இதைக் கேக்க மாட்டேங்கறா.

அந்தா, வந்துட்டா. பச்சை ஸ்கூட்டரு. போங்க, போய் வேலையைப் பேசுங்க. தைரியமாக் குடுக்கலாம். முக்கி ஊதிப் பாக்காம ஒண்ணையும் அவ வெளிய விடறதில்ல.

ஒரு நிமிசம் தம்பி. இருங்க. நானும் வர்றேன்.

நான் ஒட்டலைன்னு இந்த ஒரு வருசத்துல வாயைத் தொறந்து சொன்னது உங்ககிட்டத்தான். உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? பொய்யைப் பத்துப் பேரு முன்னால சொன்னேன். நெசத்தை ஒரு வெளியாளு முன்னாலயாவது அவகிட்டச் சொல்லணும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பக்கத்துல நின்னாப் போதும். தெரியும்ப்பான்னு சொல்லுவா. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு வேலையைப் பாப்பா. அதுக்குத்தான் எனக்குப் பயமா இருக்குது, ஆத்துலகூட இவ்வளவு பயமில்ல.

சட்டையை மட்டும் மாட்டிக்கறேன்.

லாரி போயிறட்டும். இப்ப வாங்க.